விளக்கை அணைத்த இரவுகள்

ஆண்டு நடுப் பள்ளி விடுமுறை என்றால் எங்கள் வீட்டில் ஒரே பேச்சு, செராத்திங்தான். பகாங் கடற்கரையில் ஒரு பலகைச் சாலே. படியிறங்கினால் மணல், அதைத் தாண்டினால் கடல்.

இரவானதும் ஆற்றில் படகு. கொஞ்ச தூரம் போனதும் படகோட்டும் அபாங் இயந்திரத்தை நிறுத்திவிட்டு, கைப்பேசிகளை அணைக்கச் சொல்வார். இருட்டு பழகியதும் சதுப்பு மரமெங்கும் மின்மினிகள். வானொலியில் 5 விநாடி அமைதி வந்தாலே பதறுகிறவள் நான். அங்கே பேசவே தோன்றாது.

அப்பா இளவயதில் திரெங்கானுவின் ரந்தாவ் அபாங்கில் ‘பென்யு பெலிம்பிங்’ என்னும் பேராமைகளைப் பார்த்தவர். 1950களில் ஆண்டுக்குச் சுமார் 10,000 கூடுகள் இருந்த கரை அது. முட்டைகளை எடுத்துத் தின்றோம்; கடலில் வலைகளிலும் சிக்கின. இன்று அந்த ஆமை அங்கே ஏறக்குறைய இல்லை.

“தாத்தா, எனக்கும் காட்டுங்க” என்கிறாள் மகள். அவரால் கதைதான் சொல்ல முடிகிறது.

செராத்திங்கில் பச்சை ஆமைகள் இன்னும் கரையேறுகின்றன. குஞ்சுகள் வெளிச்சம் தெரியும் பக்கத்தைக் கடலென்று நம்பி நகரும். சாலே விளக்கு அவற்றை வழிமாற்றிவிடும். அதைக் கேட்ட நாளிலிருந்து, வராந்தா விளக்கை அணைப்பது மகளின் வேலை.

நீங்களும் போனால் அணையுங்கள். ஆமை முட்டை வாங்காதீர்கள். இந்த ஆண்டு கடலில் இறங்கும் குஞ்சு முட்டையிடத் திரும்ப 20 ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அப்போது என் மகளுக்கும் பிள்ளை இருக்கலாம். அவள் கதை சொல்ல வேண்டாம். கைப்பிடித்துக் கூட்டிப்போய்க் காட்டட்டும்.