சைக்கிளுக்கு சிக்னல் போட்ட ஊர்!

காலேஜ் வாசலில் டிராஃபிக் ஜாம் என்றால் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பைக் ஹாரன், பஸ் புகை, நடுவுல மாட்டிக்கிட்டு முழிக்கிற ஆட்டோ... இதுதானே? ஆனா, சைக்கிள்களால் மட்டுமே ஜாம் ஆகுற ஒரு காலேஜ் ஊர் இருக்கு. பேரு டேவிஸ். இருப்பது எங்கே தெரியுமா? வீட்டுக்கு ரெண்டு கார் வைத்திருக்கும் அமெரிக்காவில், அதுவும் கலிபோர்னியாவில்!

கார்களின் தேசத்துக்குள்ளே இப்படி ஓர் ஊர் எப்படி முளைச்சுது? அதைவிட ஆச்சரியம், அந்தச் சின்ன ஊர்ல பேராசிரியர்களும் மாணவர்களும் போட்டுப் பார்த்த கணக்கு, ஒரு மாநிலத்தின் சட்டம் வரைக்கும் போன கதை. வாங்க, ஒரு ரவுண்டு போய்ட்டு வரலாம்.

ரயிலை விட்டு இறங்கினால்...

மாநிலத் தலைநகர் சாக்ரமென்டோவிலிருந்து மேற்கே சுமார் 25 கிலோமீட்டர். ரயில் ஏறி ஒரு பாட்டு ஆல்பம் கேட்டு முடிக்கறதுக்குள்ள டேவிஸ் வந்துடும். சுத்தி எங்கே பார்த்தாலும் வயல். தரை மட்டப்பலகை வெச்சுத் தேய்ச்ச மாதிரி சமதளம். சைக்கிள் மிதிக்க மேடுங்கற பேச்சே இல்லை. 2020 கணக்கெடுப்புப்படி மக்கள்தொகை சுமார் 67 ஆயிரம். ஊரின் சின்னமே முன்னாடி பெரிய சக்கரமும் பின்னாடி குட்டிச் சக்கரமும் உள்ள அந்தக் காலத்து சைக்கிள்தான். ஊருக்கு உயிர் கொடுப்பது கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகம்.

வளாகத்துக்குள்ளே நுழைஞ்சா, நடுப்பகுதியில் கார் கிடையாது. 1960-களிலேயே சொல்லிட்டாங்க, வெளியே நிறுத்திட்டு வா என்று. அப்போது வேந்தராக இருந்த எமில் மிராக், மரமும் சைக்கிளும் இருக்கும் வளாகமாக வரையுங்கள் என்று கட்டடக் கலைஞர்களிடம் கேட்டுக்கொண்டாராம். அதனால, பாதைகள் சந்திக்கிற இடத்தில் எல்லாம் சைக்கிளுக்கென்றே ரவுண்டானா. ஒரு வகுப்புக்கும் அடுத்த வகுப்புக்கும் நடுவே பத்தே நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்தில் ரவுண்டானாவில் நீங்க நின்னா, நாலு பக்கமிருந்தும் சைக்கிள் வெள்ளம்!

ஒவ்வொரு கல்வியாண்டு தொடக்கத்திலும் அங்கே ஓர் இலவசக் காட்சி உண்டு. ரவுண்டானாவில் எப்படிச் சுத்தணும்னு தெரியாத ஃபர்ஸ்ட் இயர் பசங்க ஒருத்தர் மேல ஒருத்தர் மோதி விழுவாங்க. சீனியர்கள் ஓரமாக உட்கார்ந்து ரசிப்பாங்க. எந்த ஊரானாலும் சீனியர் சீனியர்தான்!

ஒரு கடிதம், ஒரு தேர்தல்

இதெல்லாம் தானா வந்ததுன்னு நினைச்சுடாதீங்க. 1960-ல் டேவிஸின் மக்கள்தொகை ஒன்பதாயிரம் கூட இல்லை. பல்கலைக்கழகம் வளர வளர ஊரும் வீங்கியது. காரும் பெருகியது. அப்போது ஃபிராங்க் சைல்ட் என்ற பொருளாதாரப் பேராசிரியரும் அவருடைய மனைவி ஈவும் நெதர்லாந்தில் கொஞ்ச காலம் இருந்துவிட்டுத் திரும்பினாங்க. அங்கே குழந்தைகள் முதல் தாத்தாக்கள் வரை பயமில்லாமல் சைக்கிளில் போறதைப் பார்த்தவங்க. நம்ம ஊர்லயும் சைக்கிளுக்குத் தனிப் பாதை வேணும்னு உள்ளூர்ப் பத்திரிகைக்கு ஒரு கடிதம் எழுதினாங்க. நண்பர்கள் சேர்ந்தாங்க. கையெழுத்து வாங்கினாங்க. நகரசபை அசையலை.

என்ன செஞ்சாங்க? 1966 நகரசபைத் தேர்தலில் சைக்கிள் பாதையையே பிரச்சினையாக்கிட்டாங்க. ஆதரித்தவங்க ஜெயிச்சாங்க. அடுத்த முட்டுக்கட்டை மாநிலச் சட்டம். சாலையில் சைக்கிளுக்கென்று ஒரு பகுதியை ஒதுக்க அதில் இடமில்லை. சட்டத்தையும் திருத்த வெச்சாங்க. கையெழுத்துப் போட்டவர், முன்னாள் நடிகரும் அப்போதைய ஆளுநருமான ரொனால்ட் ரீகன். 1967-ல் அமெரிக்காவின் முதல் சைக்கிள் பாதைக் கோடு டேவிஸ் சாலையில் விழுந்தது.

இதில் நம்மளை மாதிரி மாணவர்கள் கவனிக்க வேண்டிய விஷயம் ஒண்ணு இருக்கு. கோடு போட்டதோட அவங்க கைதட்டிட்டுக் கிளம்பிடலை. ராபர்ட் சோமர் என்ற உளவியல் பேராசிரியரும், விலங்குகளின் நடத்தையை ஆராய்ந்த டேல் லாட்டும் ரோட்டோரம் நின்னு ஆராய்ச்சி பண்ணினாங்க. கார்களுக்குப் பக்கத்தில் ஒரு பாதை, நிறுத்தி வைத்த கார்களுக்குப் பின்னால் ஒரு பாதை, நடைபாதையோடு சேர்ந்த பாதை... மூணு மாதிரியும் போட்டுப் பார்த்தாங்க. பின்னால் ஒளிஞ்ச பாதையில் வர்ற சைக்கிளை, முக்கில் திரும்பும் காரோட்டி பார்க்க முடியலைன்னு தெரிஞ்சுது. அதைக் கைவிட்டாங்க. பின்னாளில் மாநிலம் சைக்கிள் பாதைக்கு விதிகள் எழுதியபோது, டேவிஸின் அனுபவம் கைகொடுத்தது. 1990-களில் சைக்கிளுக்கென்று தனி சிக்னல் விளக்கும் வந்தாச்சு. 2015-ல், கோவல் பொலிவார்டும் ஜே தெருவும் சந்திக்கும் இடத்தில், டச்சுக்காரர்கள் பாணியில் சைக்கிள்காரர்களுக்குப் பாதுகாப்புத் திட்டுகள் வைத்த சந்திப்பு ஒன்றையும் கட்டினாங்க. ஒரு காலத்தில் கைவிட்டதை, முக்கில் இருந்த சிக்கலைச் சரிபண்ணித் திரும்பக் கொண்டுவந்தாங்க!

டிரைவர் சீட்ல கிளாஸ்மேட்

கால் வலிக்குதா? பஸ் ஏறலாம். சிவப்பு பஸ். பேரு யூனிட்ரான்ஸ். டிரைவரைப் பாருங்க... உங்க வயசுதான் இருக்கும். ஏன்னா, அவரும் மாணவர்!

1968-ல் டேவிஸ் மாணவர் சங்கம் லண்டனில் ஓடி ஓய்ந்த இரண்டு டபுள் டெக்கர் பஸ்களை வாங்கி ஆரம்பிச்ச சர்வீஸ் இது. 1972-ல் ஊர்மக்களுக்கும் கதவு திறந்தது. ஓட்டுறது, புது டிரைவர்களுக்குப் பயிற்சி கொடுக்கிறது, வழித்தடங்களை மேற்பார்க்கிறது... எல்லாவற்றிலும் மாணவர்கள். கல்விக் கட்டணத்தோடு பஸ்ஸுக்கான பங்கும் சேர்ந்திருப்பதால், இளநிலை மாணவர்கள் அடையாள அட்டையைக் காட்டினால் போதும். மாணவர்களும் நகராட்சியும் கைகோத்து நடத்தும் இந்த பஸ்ஸில், கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருஷத்துக்கு ஏறக்குறைய 40 லட்சம் பயணங்கள். பார்ட் டைம் வேலைக்கு பர்கர் கடையில் நிற்கிறதுக்குப் பதிலா, ஊரையே ஓட்டுறாங்க!

கொடியில் துணி காயப்போட ஒரு சட்டம்

இப்போ தெருக்களைப் பாருங்க. டேவிஸில் கோடை வந்தா 38 டிகிரியை சர்வசாதாரணமாத் தாண்டும். ஆனா ராத்திரியில், கடல் பக்கமிருந்து ஆற்று டெல்டா வழியாக ஒரு குளிர்காற்று வரும். ஜன்னலைத் திறந்து வெச்சுட்டுப் படுத்தா போதும். இவ்வளவு நல்ல காத்து இருந்தும், 1970-களில் கட்டின அபார்ட்மென்ட்களில் ஏ.சி. ஓடிக்கிட்டே இருந்தது. ஏன்?

பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜானதன் ஹாமண்ட், மார்ஷல் ஹன்ட் உள்ளிட்ட ஒரு குழு வீடு வீடாகக் கணக்குப் பார்த்தது. ஒரே மாதிரி கட்டின வீடுகள்தான். ஆனா ஜன்னல் கிழக்கு மேற்காகப் பார்த்தால் ஒரு கரன்ட் பில், வடக்கு தெற்காகப் பார்த்தால் ஒரு கரன்ட் பில்! சாயங்கால வெயில் மேற்கு ஜன்னல் வழியா நேரா உள்ளே வந்து வீட்டை அடுப்பாக்கியது. அங்கே தெற்கு ஜன்னலுக்கு மட்டும் ஒரு வசதி. கோடையில் சூரியன் உச்சிக்குப் போயிடும், ஒரு சின்ன கூரை நீட்சியே வெயிலை மறைச்சுடும். குளிர்காலத்தில் சூரியன் தாழ்ந்து வந்து அதே ஜன்னல் வழியா வீட்டைச் சூடாக்கும். காசு செலவில்லாத ஏ.சி., காசு செலவில்லாத ஹீட்டர்!

இந்தக் கணக்கை வெச்சுக்கிட்டு டேவிஸ் நகரசபை 1975-ல் ஒரு கட்டட விதி கொண்டு வந்தது. வெயில் பக்கம் எவ்வளவு கண்ணாடி வைக்கலாம், சுவரிலும் கூரையிலும் எவ்வளவு வெப்பத்தடுப்பு வேணும் என்பதெல்லாம் அதில் இருந்தது. கட்டுமானக்காரர்கள் செலவு கூடும்னு குரல் எழுப்பினாங்க. மாதிரி வீடு கட்டிக் காட்டினாங்க. இன்னொரு விதி கேட்டா சிரிப்பீங்க. அமெரிக்காவில் பல குடியிருப்புகளில் துணி காயப்போடக் கொடி கட்டக்கூடாதாம், அழகு கெடுமாம்! அப்படித் தடை போடக்கூடாது என்று டேவிஸ் நகரசபை அந்த 1970-களிலேயே சட்டம் போட்டது. வெயில் சும்மா கிடைக்கும்போது எதுக்கு மெஷினில் உலர்த்தணும்?

ஊரின் மேற்குப் பக்கம் வில்லேஜ் ஹோம்ஸ் என்று ஒரு குடியிருப்பு. மைக்கேல், ஜூடி கார்பெட் தம்பதி 1970-களில் உருவாக்கியது. சுமார் 240 வீடுகள், பெரும்பாலும் தெற்கு பார்த்தவை. தெருக்களை வேணும்னே குறுகலாப் போட்டாங்க. தார் குறைஞ்சா சூடு குறையும், ரெண்டு பக்க மரமும் கைகோத்து நிழல் தரும். வீடுகளைச் சுத்திப் பழமரங்கள். தெருப் பெயர்கள் எல்லாம் ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கதையில் வர்ற பெயர்கள்! அமெரிக்க அதிபரின் மனைவி ரோஸலின் கார்ட்டர் 1979-ல் இங்கே சைக்கிளில் சுத்திப் பார்த்தார். 1984-ல் பிரான்ஸ் அதிபர் மித்தரான் ஹெலிகாப்டரில் வந்து இறங்கினார்.

ஊரிலிருந்து மாநிலத்துக்கு

டேவிஸ் விதி வந்த அதே சமயம்தான், 1975-ல், கலிபோர்னியா எரிசக்தி ஆணையம் வேலை தொடங்கியது. 1978-ல் மாநிலம் முழுக்க வீடுகளுக்கு எரிசக்தி விதிகள் வந்தன. கூடவே ஃபிரிட்ஜுக்கும் விதி! இதற்கெல்லாம் பின்னணியில் ஓயாமல் கணக்குப் போட்டவர் ஆர்தர் ரோசன்ஃபெல்ட். பெர்க்லியில் அணுத்துகள் ஆராய்ந்த இயற்பியலாளர். 1973 எண்ணெய் நெருக்கடியின்போது, ஒரு வெள்ளிக்கிழமை ராத்திரி தன் அலுவலக மாடியில் வீணாக எரிந்த விளக்குகளை அணைக்கக் கிளம்பியவர், அப்புறம் அந்தப் பக்கமே போயிட்டார். 1970-களில் ஒரு சராசரி அமெரிக்க ஃபிரிட்ஜ் வருஷத்துக்குச் சுமார் 1,800 யூனிட் மின்சாரம் குடித்தது. 2001-ல் வந்த புது ஃபிரிட்ஜ் 500 யூனிட்டுக்கும் கீழே. சைஸ் குறையலை, ஐஸ்கிரீம் உருகலை!

இதன் பலன்? கலிபோர்னியாவில் ஓர் ஆளுக்கு ஆகும் மின்சாரம் பல பத்தாண்டுகளாக வருஷத்துக்குச் சுமார் 7,000 யூனிட் அளவிலேயே நின்றது. மற்ற மாநிலங்களில் அது ஏறிக்கொண்டே போனது. இதில் விதிகளுக்கு மட்டுமே முழு மாலையும் போட முடியாது, இதமான வானிலையும் மாறிய தொழில்களும் ஒரு காரணம் என்று வாதிடும் பொருளாதார நிபுணர்கள் உண்டு. 2020 முதல், அங்கே கட்டும் புது வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கூரையில் சோலார் கட்டாயம்.

காருக்கும் டேவிஸில் பதில் இருந்தது. ஆண்ட்ரூ ஃபிராங்க் என்ற பேராசிரியரும் அவருடைய மாணவர்களும், பிளக்கில் சொருகி சார்ஜ் ஏற்றும் ஹைப்ரிட் கார்களை 1990-களிலேயே பட்டறையில் செய்து ஓட்டினாங்க. பெரிய கம்பெனியின் அப்படிப்பட்ட கார் அமெரிக்க ஷோரூமுக்கு வந்தது 2010 கடைசியில்!

எல்லாமே சூப்பர்தானா?

இல்லை. ஊரைச் சுத்திக் காட்டுறவன் நல்லதை மட்டும் சொன்னா நம்பாதீங்க. 1990-களில் டேவிஸில் சைக்கிள் மிதிப்பவர்கள் விகிதம் குறைஞ்சுது. வேற ஊருக்கு வேலைக்குப் போறவங்க கூடினாங்க. பிறகு மீண்டு, 2010-களில் வேலைக்குப் போறவங்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர் என்ற அளவுக்கு வந்தது. அமெரிக்க சராசரியோ நூற்றுக்கு ஒன்று கூட இல்லை.

2011-ல் பல்கலைக்கழகம் வெஸ்ட் வில்லேஜ் என்ற குடியிருப்பைத் திறந்தது. வருஷம் முழுக்க எவ்வளவு மின்சாரம் செலவோ, அவ்வளவையும் சோலாரில் அங்கேயே தயாரிக்கணும் என்பது திட்டம். ஆரம்ப ஆண்டுகளில் எண்பது சதவீதத்தைத் தாண்டினாங்க, நூறைத் தொடலை. ஒரு காரணம் என்ன தெரியுமா? கரன்ட் பில் வாடகையிலேயே அடக்கம். யாருக்கும் மீட்டர் ஓடுறது உறைக்கலை. ஹாஸ்டல்வாசிகளே, எங்கேயோ கேட்ட கதையா இருக்கா?

மாநில அளவிலும் அடி விழுந்திருக்கு. புகையில்லாத கார்களைக் கம்பெனிகள் விற்றே ஆகணும் என்று 1990-ல் கலிபோர்னியா போட்ட விதி, கம்பெனிகளின் எதிர்ப்பில் பலமுறை தளர்ந்தது. 2035 முதல் விற்கும் புது கார்கள் எல்லாம் புகையில்லாததாகவோ பிளக்-இன் வகையாகவோ இருக்கணும் என்று 2022-ல் மறுபடி விதி போட்டாங்க. அதற்கு மத்திய அரசு கொடுத்திருந்த அனுமதியை 2025 ஜூனில் அமெரிக்க நாடாளுமன்றமும் அதிபர் டிரம்ப்பும் ரத்து செய்தாங்க. கலிபோர்னியா அன்றைக்கே கோர்ட் படி ஏறியது. 2024-ல் அங்கே விற்ற புது கார்களில் நாலில் ஒன்று பிளக்கில் சார்ஜ் ஆகிற வகை. மேலே எழுதின ஒரு விதியை ஒரு கையெழுத்தில் அழிக்கலாம். தெற்கே திரும்பி நிற்கிற வீட்டையும், ஐம்பது வருஷமா வளர்ந்த நிழலையும் அப்படி அழிக்க முடியாது.

அதனாலதான் டேவிஸ் நம்ம வயசுக்காரங்களுக்குப் பிடிக்க வேண்டிய ஊர். அந்த ஊர்க்காரங்க நம்மைவிட நல்லவங்க இல்லை. சைக்கிள் ஓட்டுறது அங்கே தியாகமும் இல்லை, அதுதான் சுலபம். அப்படிச் சுலபமாக்கியது யாரோ எடுத்த ஒரு கணக்கு, யாரோ எழுதின ஒரு கடிதம், யாரோ போட்ட ஒரு ஓட்டு.

உங்க ஹாஸ்டலில் மேற்கு பார்த்த ரூமுக்கும் தெற்கு பார்த்த ரூமுக்கும் ராத்திரி எட்டு மணிக்கு எத்தனை டிகிரி வித்தியாசம்? ஒரு தெர்மாமீட்டர், ஒரு நோட்டு, ஒரு மாசம் போதும். அளந்து, எழுதி, பிரின்சிபால் மேஜையில் வெச்சுட்டு வாங்க!