சாய்வு நாற்காலி

சென்ற தை மாதம் ஒரு சாய்வு நாற்காலி வாங்கினேன். தேக்கு, பிரம்புப் பின்னல், நீளமான கைகள். கைகளின் அடியிலிருந்து இன்னொரு ஜோடிக் கட்டைகள் சுழன்று முன்னால் வரும். கால்களைத் தூக்கி அவற்றின்மேல் போட்டுக்கொள்ளலாம். ஆங்கிலத்தில் இதைத் தோட்டத் துரையின் பெயரால்தான் அழைக்கிறார்கள். தஞ்சாவூரில் என் வாடகை வீட்டுக் கூடத்தில் மூன்றில் ஒரு பங்கை அது அடைத்துக்கொண்டிருக்கிறது. ஏன் வாங்கினீர்கள் என்று மனைவி கேட்டபோது, 'அழகாக இருக்கிறது' என்றேன். விமர்சனம் எழுதுகிறவன் சொல்லக்கூடாத பதில் அது. அதைச் சரிபார்க்கவே இதை எழுதுகிறேன்.

நாற்காலி வந்த வீட்டைப் போன்ற வீடுகளைக் காவிரி, குடமுருட்டி, வெண்ணாற்றுக் கரை ஊர்களில் யாரும் பார்த்திருக்கலாம். திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம் என்ற அமைப்பு மிகப் பழையது. ஆனால் நம்மைக் கவர்கிறவற்றில் பெரும்பாலானவை அதன்மேல் பின்னால் வந்து ஏறியவை. பாஸல் மிஷன்காரர்கள் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கியது 1865-ல். ரவிவர்மாவின் லட்சுமியும் சரஸ்வதியும் வீட்டுச் சுவர்களுக்கு வந்தது, 1894-ல் அவர் பம்பாயில் அச்சுக்கூடம் வைத்த பிறகு. பர்மாத் தேக்கு, பெல்ஜியம் கண்ணாடி, மண்ணெண்ணெய்த் தொங்கு விளக்கு, சாவி கொடுக்கும் சுவர்க் கடிகாரம் எல்லாம் அந்தக் காலகட்டத்தின் வரவுகள். சீமை ஓடு, சீமை எண்ணெய், சீமைச் சுண்ணாம்பு என்று ஒரே முன்னொட்டால் ஊர் அவற்றை வரவேற்றது. இன்று பாரம்பரியம் என்று நாம் கண்கலங்கிப் பார்க்கிற வீடு, கட்டிய நாளில் ஊரிலேயே மிக நவீனமான வீடு. நம்முடைய சிறுகதையும் ஏறக்குறைய அதே ரயிலில் வந்து இறங்கியதுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

ரயில் என்று உவமைக்காக மட்டும் சொல்லவில்லை. 1860களில் நாகப்பட்டினத்தையும் தஞ்சையையும் திருச்சியையும் இருப்புப்பாதை இணைத்தது. இந்த டெல்டாவின் அரிசி நாகப்பட்டினம் வழியாக இலங்கைக்குப் போயிற்று. அங்கே காப்பித் தோட்டத்திலும் பிறகு தேயிலைத் தோட்டத்திலும் வேலை செய்த நம் ஜனங்கள் அதைத் தின்றார்கள். போன அரிசியின் விலை தூணாகவும் உத்தரமாகவும் கண்ணாடியாகவும் திரும்பி வந்தது. மிராசுதார் வீடு என்பது நெல் எடுத்த இன்னொரு உருவம்.

என் தாத்தா, அம்மாவின் அப்பா, அப்படி ஒரு வீட்டில் கணக்குப்பிள்ளையாக இருந்தார். தாழ்வாரத்தில் சாய்வான மூடி போட்ட கணக்குப் பெட்டிக்கு முன்னால் சம்மணமிட்டு உட்கார்ந்து எழுதுவார். முப்பது வருஷம் அந்த வீட்டுக்குள் போய்வந்தவர் அங்கே நாற்காலியில் உட்கார்ந்ததில்லை. யாரும் தடுத்ததாகவும் சொன்னதில்லை. தடுக்க வேண்டிய அவசியம் எழாததுதான் அந்த ஒழுங்கின் வெற்றி.

அந்த வீட்டு வாரிசு எங்கள் கிளையில் கணக்கு வைத்திருப்பவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். நகைக்கடனை முடிக்க வந்தவர், 'நீங்க கணக்குப்பிள்ளை பேரன்தானே?' என்றார். கவுண்டரில் எல்லோரையும் 'சார்' என்றழைக்கிற என் வாய், 'ஆமாங்க ஐயா' என்றது. வீட்டை இடிக்கப் போவதாகவும், காரைக்குடியிலிருந்து பழம்பொருள் வியாபாரி வந்து தூண்களுக்கும் வாசக்காலுக்கும் விலை பேசிவிட்டதாகவும் சொன்னார். இதில் வங்கிக்காரனுக்கு ஒரு வேடிக்கை உண்டு. இதே வீட்டின் பேரில் கடன் கேட்டால், மதிப்பீட்டாளர் கட்டடத்தின் வயதைப் பார்த்துவிட்டு அநேகமாக மனைக்கு மட்டும்தான் விலை போடுவார். நின்றால் மதிப்பில்லாத தூணுக்குப் பிடுங்கினால் விலை. யாரும் வாழாத இடத்தில் போய் நிற்கும்போதுதான் அது கலைப்பொருள் ஆகிறது.

'தாத்தாவோட கணக்குப் பெட்டி கிடக்கு தம்பி, வந்து எடுத்துக்குங்க. காசெல்லாம் வேண்டாம்' என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன். பெட்டியைக் காட்டினார். நான் அதன் பின்னால் கூடத்தில் கிடந்த நாற்காலியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். 'அது என்ன விலைங்க ஐயா?' என்று கேட்டேன். அவர் ஒரு கணம் என்னைப் பார்த்தார். பிறகு விலை சொன்னார். நான் பேரம் பேசவில்லை. அந்த ஒரு கணப் பார்வைக்கும் சேர்த்துத்தான் கொடுத்தேன் என்று இப்போது தோன்றுகிறது.

இந்த ஆசை எனக்கு மட்டும் வந்ததல்ல. டெல்டாவின் கடலோர முனையில் தரங்கம்பாடி இருக்கிறது. 1620-ல் டேனிஷ்காரர்கள் வந்து கோட்டை கட்டிய ஊர். 1845-ல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். அதன் பிறகு பதினைந்து வருஷம் தஞ்சை ஜில்லாவின் தலைமையிடமாக இருந்துவிட்டு, துறைமுக வியாபாரம் நாகப்பட்டினத்தோடு போனதும் அந்த ஊர் அப்படியே நின்றுவிட்டது. இடித்துக் கட்ட வசதி இல்லாததால் பழைய வீடுகள் பிழைத்தன. இன்று கடலைப் பார்த்த பங்களா தங்கும் விடுதியாகியிருக்கிறது. அதன் உயர்ந்த தாழ்வாரத்தில் உட்கார்ந்து காப்பி குடிக்க, என்னைப் போல் மாதச் சம்பளம் வாங்குகிற, துரைகளோடு எந்த உறவும் இல்லாத குடும்பங்கள் வருகின்றன. அவர்கள் விரும்புவது டென்மார்க்கையோ இங்கிலாந்தையோ அல்ல.

பின் எதை? பழமையின் மீதான ஏக்கம் என்று சொல்லித் தப்பிப்பது சுலபம். ஆனால் அந்த வீடுகளின் அழகு பொய்யல்ல. உத்தரங்களின் மேல் செங்கல்லை மூலைவாட்டாக நிறுத்தி அடுக்கிச் சுண்ணாம்பு போட்ட கூரைக்குக் கீழ், சித்திரை மதியத்திலும் உட்கார முடியும். சூடு மேலே போகிறது; முற்றம் அதை வெளியே விடுகிறது. வெளிச்சம் நேராக வராமல் தாழ்வாரத்தைத் தாண்டித் தயங்கி வருகிறது. ஜப்பானிய நாவலாசிரியர் தானிஸாகி நிழலைப் பற்றி 1933-ல் எழுதத் தொடங்கிய கட்டுரையில், பழைய முறை வீட்டில் மின்சாரக் கம்பிகளை எப்படி மறைப்பது என்ற கவலையிலிருந்துதான் ஆரம்பிக்கிறார். அந்தக் கவலை நியாயமானது. அந்த நிழலில் இடம் தாராளமாக, உபயோகமே இல்லாமல் கிடக்கிறது. பொழுதும் அப்படியே கிடக்கிறது. வாடகைக்கும் தவணைக்கும் இடையே வாழ்கிறவன் அதைப் பார்த்து ஏங்காமல் எப்படி இருப்பான்? நாம் விரும்புவது அந்த ஓய்வை.

ஆனால் ஓய்வு ஒருவரிடம் அவ்வளவு குவிய வேண்டுமானால் இன்னொருவரிடமிருந்து அது எடுக்கப்பட்டிருக்க வேண்டும். கணக்குப் பெட்டிக்குள் தாத்தாவின் நோட்டு ஒன்று இருந்தது. ஒரே வாரத்தில், ஒரே பக்கத்தில், நாற்காலிக்குப் பிரம்பு பின்னிய கூலி ரூபாயில் எழுதப்பட்டிருக்கிறது. பண்ணையாள்களின் கூலி மரக்காலில். தாத்தாவின் கையெழுத்து இரண்டுக்கும் ஒரே அழகுதான். தஞ்சைப் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952-ல் வந்துவிட்டது. அந்த நோட்டு அதற்கும் பிந்தியது. அதன் எந்தப் பக்கத்திலும் சட்டம் வந்ததற்கான அடையாளம் எனக்குத் தென்படவில்லை.

கீழ்வெண்மணியைச் சொல்லாமல் இந்த டெல்டாவில் வீட்டைப் பற்றிப் பேச முடியாது. 1968 டிசம்பர் 25 இரவு, கூலிப் போராட்டத்தை ஒட்டி, தலித் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிக்கப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்ட மிராசுதார்களை 1973-ல் சென்னை உயர்நீதிமன்றம் விடுவித்தது. பெரும் நிலக்காரர்கள், அவர்களில் ஒருவர் காரும் வைத்திருப்பவர், தாங்களே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்புவது கடினம் என்பது தீர்ப்பில் சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. அந்தஸ்தே சாட்சியாக வந்து நின்றது. தேக்குத் தூணுக்குச் சொந்தக்காரனை நம்புவதும் தேக்குத் தூணை ரசிப்பதும் ஒன்றல்ல என்று வாதிக்கலாம். இரண்டுக்கும் நடுவே இருக்கும் தூரம் நாம் நினைக்கிற அளவு பெரிதில்லை என்பது என் சந்தேகம்.

குடிசை மூங்கிலாலும் கீற்றாலும் மண்ணாலும் ஆனது. அதை எந்த வியாபாரியும் வாங்க வருவதில்லை. காலத்தைத் தாங்கியதை அழகு என்கிறோம். தாங்கக்கூடிய மரம் யாருக்கு வாய்த்தது என்று கேட்பதில்லை. இலக்கியத்திலும் நாம் இதையே செய்கிறோமோ என்று நண்பர்கள் யோசிக்கலாம். டெல்டாவைப் பற்றி நாம் கொண்டாடும் கதைகளில் கூடமும் முற்றமும் ஊஞ்சலும் வந்த அளவுக்குக் களத்து மேடும் சேரியும் வரவில்லை.

போன மாதம் அம்மா கண் டாக்டரைப் பார்ப்பதற்காக ஊரிலிருந்து வந்தாள். சின்னப் பெண்ணாக இருந்தபோது தாத்தாவுக்குச் சோறு கொண்டுபோய் அந்தத் தாழ்வாரத்தில் வைத்துவிட்டு வந்தவள். நான் நாற்காலியில் சாய்ந்து, கட்டைகளின்மேல் கால்களைப் போட்டுப் படித்துக்கொண்டிருந்தேன். உள்ளே வந்தவள் பையைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். 'உக்காரேம்மா' என்றேன். சோபா காலியாகத்தான் இருந்தது. 'இருக்கட்டும்' என்று நின்றபடியே ஊர் சமாசாரம் சொல்ல ஆரம்பித்தாள். மேட்டூர் திறந்தும் கடைமடைக்குத் தண்ணீர் எட்டவில்லை என்றாள். வழக்கமாகத் தெருவுக்கே கேட்கும் அவள் குரல் சற்றுத் தணிந்திருந்தது.

அந்த நாற்காலி ஒரு முழுப் பொருள் அல்ல என்பது எனக்கு அப்போதுதான் புரிந்தது. அதன் மறுபாதி எதிரே நிற்கிற ஆள்.

கால்களை இறக்கி எழுந்தேன். அதன் பிறகே அவள் உட்கார்ந்தாள், தரையில், சுவரோரமாக. நாற்காலியை ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டு, 'நல்ல மரம்' என்றாள்.