இறந்தவருக்குப் பதக்கம் எதற்கு?

மாண்டவருக்குப் பிண்டம் வைப்பதும் திதி கொடுப்பதும் வீண் என்று ஓயாது எடுத்துச் சொல்லி வருபவர்கள் நாம். செத்தவர் திரும்பி வந்து உண்ணப் போவதில்லை. புரோகிதர் வயிறே நிறையும் என்பது நம் கட்சி. அங்ஙனமாக, செத்துப் பல்லாண்டு கழிந்த ஒரு போர்வீரருக்குப் பதக்கம் வேண்டும், அவர் பெயரிலுள்ள இராணுவப் பதிவைத் திருத்த வேண்டும் என்று சிலர் சர்க்காருக்கு மனுமேல் மனுப் போடுவதை மட்டும் நாம் மெச்சலாமோ? அதுவும் ஒருவகைத் திதிதானே என்று கேட்பாருளர். கேள்வி நியாயமானது. அதற்கு விடை காண்பதே இக்கட்டுரையின் நோக்கம். வெறும் வாதமாகச் சொல்லாமல், அமெரிக்க நாட்டில் உண்மையாக வாழ்ந்த ஒருவருடைய வரலாற்றைக் கொண்டே இதனை ஆராய்வோம்.

ஹென்றி ஜான்சன் என்பவர் வட கரோலினாவில் பிறந்த கறுப்பினத்தவர். நியூயார்க் மாகாணத்தைச் சேர்ந்த ஆல்பனி நகரின் ரயில் நிலையத்தில் பிரயாணிகளின் பெட்டிகளைச் சுமந்து பிழைத்தவர். உயரம் ஐந்தடி நான்கு அங்குலம். 1917-ம் ஆண்டு ஜூன் மாதத்தில் பட்டாளத்திற் சேர்ந்தார். அக்காலத்து அமெரிக்கப் பட்டாளத்தில் வெள்ளையர் அணி வேறு, கறுப்பர் அணி வேறு. இவருடைய படையாகிய 369-வது காலாட்படையை அமெரிக்கத் தளபதிகள் பிரெஞ்சுச் சேனையின் வசம் ஒப்புவித்து விட்டனர். அமெரிக்கக் கொடிக்காகப் போருக்குச் சென்றவர்கள் பிரெஞ்சுத் தளபதிகளின் கீழே போர் செய்தனர்.

1918-ம் ஆண்டு மே 15-ம் தேதி விடியுமுன், பிரான்சு தேசத்து ஆர்கான் காட்டுப் பகுதியில் ஜான்சனும் நீதம் ராபர்ட்ஸ் என்ற தோழரும் காவல் நின்றனர். குறைந்தது பன்னிரண்டு ஜெர்மானியர் இருளில் வந்து தாக்கினர். ராபர்ட்ஸ் படுகாயமுற்று விழுந்தார். ஜான்சன் கையெறி குண்டுகளை வீசினார். அவை தீர்ந்தபின் சுட்டார். துப்பாக்கி சிக்கிக் கொண்டதும் அதன் கட்டையாலே அடித்தார். குற்றுயிராய்க் கிடந்த தோழரைச் சிறைபிடித்து இழுத்துச் செல்ல முயன்றவர்களைக் கத்தியொன்றினாலேயே மறித்துப் போராடினார். பகைவர் பின்வாங்கினர். ஜான்சன் உடம்பில் ஏற்பட்ட காயங்கள் 21.

பிரெஞ்சு சர்க்கார் தாமதிக்கவில்லை. ‘குரோவா த கேர்’ என்னும் தங்கள் போர்ச் சிலுவையை இருவருக்கும் வழங்கியது. ஜான்சனுடைய சிலுவையில் தங்க ஓலைச் சின்னமும் சேர்ந்தது. அவருடைய சொந்த நாடு என்ன கொடுத்தது? 1919-ம் ஆண்டு பிப்ரவரியில் நியூயார்க் நகரத்து ஐந்தாம் அவெனியூவில் அப்படை ஊர்வலம் வந்தபோது ஜனங்கள் திரண்டு ஆரவாரித்தனர். போர்ச் சேமிப்பு முத்திரை விற்பதற்கான விளம்பரத்திலும் அவர் பெயர் ஏறியது. பதக்க ஏட்டில் மட்டும் ஏறவில்லை. அதனினும் கொடியது ஒன்று: பட்டாளத்திலிருந்து விலக்கிக் கொடுத்த கடிதத்தில் அவர் காயங்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை! உடம்பிலே 21 காயம், காகிதத்திலே ஒன்றுமில்லை. 1929-ம் ஆண்டு ஜூலை மாதத்தில், முப்பது வயதுகளிலேயே, அவர் இறந்தார்.

போரிற் காயமுற்றோருக்கு அமெரிக்கா வழங்கும் ‘பர்ப்பிள் ஹார்ட்’ என்ற பதக்கம் 1932-ம் ஆண்டிலேதான் மீண்டும் ஏற்படுத்தப்பட்டது. முதல் உலகப் போரிற் காயம்பட்டவர்களும் விண்ணப்பித்துப் பெறலாம் என்று அப்போது இடமளிக்கப்பட்டது. விண்ணப்பிக்க ஜான்சன் உயிரோடில்லை. அவர் பொருட்டு யாரேனும் விண்ணப்பித்திருந்தாலும், விலகற் கடிதத்திற் காயமே இல்லையே!

இது ஒரு மனிதருக்கு நேர்ந்த துரதிர்ஷ்டம் என்று சிலர் சொல்லி விடலாம். அன்று, இதன் பின்விளைவைப் பார்க்க வேண்டும். 1925-ம் ஆண்டில் அமெரிக்க இராணுவக் கல்லூரி ஓர் அறிக்கை தயாரித்தது. கறுப்பர் பிறவியிலேயே அறிவிலும் துணிவிலும் குறைந்தவர், போர்முனைக்குத் தகுதியற்றவர் என்பது அதன் முடிவு. மனுதர்மம் பேசுவதற்கும் இதற்கும் வேற்றுமை என்ன? ஒரு கூட்டத்தாரின் வீரத்தை முதலில் ஏட்டில் எழுதாது விடுவது. பிறகு, ‘ஏட்டில் இவர்கள் வீரம் காணவில்லையே’ என்று அந்த ஏட்டையே சாட்சிக்கு அழைப்பது! படைகளில் இனப் பிரிவினை கூடாதென்று ஜனாதிபதி ட்ரூமன் உத்தரவிட்டது 1948-ம் ஆண்டு ஜூலையில். அதுவரை, எழுதப்படாத வீரம் இல்லாத வீரமாகவே எண்ணப்பட்டு, உயிரோடிருந்த எத்தனையோ இளைஞரின் வாழ்வைக் கட்டிப் போட்டது.

ஆகவே இறந்தவருக்குப் பதக்கம் கேட்பது இறந்தவருக்காக அன்று. பிண்டம் ஒரு கற்பனைக்குப் படைப்பது. பதிவைத் திருத்துவதோ, இருக்கின்றவர்கள் இன்னும் புரட்டிப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லிக் கொண்டிருக்கும் ஒரு பொய்க் கணக்கைச் சரி செய்வது. முன்னதற்குச் சான்று வேண்டியதில்லை, நம்பிக்கையே போதும். பின்னதற்கு நம்பிக்கை உதவாது, சான்றே வேண்டும். இவ்விரண்டையும் ஒன்றென்பது பகுத்தறிவுக்குப் பொருந்தாது.

இனி, சான்று எவ்வளவு பாடுபட்டுத் தேடப்பட்டது என்பதைக் காண்போம். ஆல்பனி நகரத்து அன்பர்களும் பழைய போர்வீரர்களும் பல்லாண்டு முயன்றபின், 1996-ம் ஆண்டில் ஜான்சனுக்குப் பர்ப்பிள் ஹார்ட் கிடைத்தது. இறந்து 67 ஆண்டுகள் ஆகிவிட்டன. யாருமற்ற ஏழையாய் எங்கோ புதைக்கப்பட்டார் என்று நம்பப்பட்ட அவர், உண்மையில் ஆர்லிங்டன் தேசிய மயானத்தில் இராணுவ மரியாதையுடன் அடக்கம் செய்யப்பட்டிருந்தது 2002-ம் ஆண்டின் தொடக்கத்தில் வெளிப்பட்டது. அதே ஆண்டில் இரண்டாவது பெரிய விருதான ‘டிஸ்டிங்விஷ்ட் சர்வீஸ் கிராஸ்’ அனுமதிக்கப்பட்டது. எல்லாவற்றிலும் உயர்ந்த ‘மெடல் ஆப் ஆனர்’ மட்டும் எட்டவில்லை. போதிய எழுத்துச் சான்று இல்லையென்பதே தடை.

2011-ம் ஆண்டில், செனட்டர் ஷூமரின் அலுவலகத்தார் பழைய தஸ்தாவேஜுகளைத் துருவியபோது, தளபதி ஜான் பெர்ஷிங் 1918-ம் ஆண்டு மே மாதத்தில், சண்டை நடந்த சில நாட்களுக்குள் அனுப்பிய செய்தியொன்று அகப்பட்டது. இரு கறுப்பு வீரரின் செயலும் அதில் எழுதப்பட்டிருந்தது! தலைமைத் தளபதியின் எழுத்தே இத்தனை காலம் யாராலும் தேடப்படாமற் கிடந்தது. அதன்பின்னும், உரிய காலவரம்பு கடந்து விட்டதாகையால் காங்கிரஸ் சபை தனிச் சட்டத்தால் அவ்வரம்பை நீக்க வேண்டியதாயிற்று. 2015-ம் ஆண்டு ஜூன் 2-ம் தேதி ஜனாதிபதி ஒபாமா அவ்விருதை வழங்கினார்.

அதனைப் பெற்றுக்கொள்ள இரத்த உறவினர் ஒருவரும் வரவில்லை. ஜான்சனின் மகன் என்று தம்மையும் பிறரையும் நம்ப வைத்திருந்த குடும்பக் கதையை மெய்யென்றே கொண்டு, ஹெர்மன் ஜான்சன் என்பவர் தம் இறுதிக்காலம் வரை இவ்விருதுக்காகப் பாடுபட்டார். விருதுக்கு முன் நடந்த குடும்ப ஆராய்ச்சியில், அவர்களுக்குள் இரத்த உறவு இல்லையென்று தெரிய வந்தது. எனவே நியூயார்க் தேசியக் காவற்படையின் மூத்த சார்ஜண்டு ஒருவர் பதக்கத்தை ஏற்றார். ஹெர்மன் ஜான்சனின் உழைப்பு இதனாற் குறைந்து விடாது; அவர் கேட்ட நீதி, உறவைச் சார்ந்து நிற்கவில்லை. ஆனால் உண்மையைத் தேடுகிறவர் தமக்குப் பிடிக்காத உண்மையையும் ஏற்க வேண்டும். ஏட்டைத் திருத்தப் புகுந்தோர் தம் வீட்டுக் கதையையும் திருத்திக் கொள்ள வேண்டியதாயிற்று. இதனாலேயே அத்திருத்தம் மதிக்கத்தக்கது.

ஜான்சன் தனியர் அல்லர். 1918-ம் ஆண்டு செப்டெம்பரில் மாண்ட பிரெடி ஸ்டோவர்ஸ் என்ற கறுப்பு வீரருக்காக எழுதப்பட்ட சிபாரிசு நடவடிக்கையின்றிக் கிடந்து, 1991-ம் ஆண்டில்தான் அவர் சகோதரிகள் பதக்கத்தைப் பெற்றனர். இரண்டாம் உலகப் போருக்காக நானூறுக்கு மேற்பட்ட மெடல் ஆப் ஆனர் வழங்கப்பட்டும், கறுப்பருக்கு ஒன்றேனும் இல்லை. அதைப் பற்றி ஷா சர்வகலாசாலை ஆராய்ந்த பின், 1997-ம் ஆண்டு ஜனவரியில் எழுவருக்கு வழங்கினர். அவ்வெழுவரில் அன்று உயிரோடிருந்தவர் வெர்னான் பேக்கர் ஒருவரே.

இத்தகைய திருத்தங்களுக்கு அமெரிக்காவில் முறையான வழியும் உண்டு. 1946-ம் ஆண்டுச் சட்டத்தின்படி இராணுவப் பதிவுகளைத் திருத்தும் சபைகள் ஏற்பட்டன. இவற்றில் அமர்பவர் படையாட்கள் அல்லர், சிவில் உத்தியோகஸ்தர்கள். இறந்தவருக்காக மனைவியோ, வாரிசோ, சட்டப்படியான பிரதிநிதியோ மனுச் செய்யலாம். பிழை தெரிய வந்த மூன்று ஆண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும் என்பது விதி. நீதி கருதி அவ்வரம்பைத் தளர்த்தவும் சபைக்கு அதிகாரமுண்டு. ஆனால் இருக்கிற பதிவு சரியானது என்றே சபை தொடங்கும். தவறென்று காட்டும் சுமை மனுதாரரின் தலைமேலது. இதிலேதான் ஏழையின் வழக்கு பெரும்பாலும் இடறி விழுகிறது.

காகிதமோ நெருப்புக்கு இரையாகக் கூடியது. 1973-ம் ஆண்டு ஜூலை 12-ம் தேதி செயின்ட் லூயிஸ் நகரத்துப் பதிவுக் காப்பகத்தில் தீப்பற்றி, ஒரு கோடியே அறுபது முதல் எண்பது லட்சம் வரையிலான கோப்புகள் அழிந்தன. 1912-க்கும் 1960-க்கும் இடையில் விலகிய தரைப்படையினரின் கோப்புகளில் நூற்றுக்கு எண்பது போயின. நகல் எடுத்து வைக்கப்படவில்லை. பின்னர் வீரரின் வரலாற்றை எதைக்கொண்டு மீட்டனர்? சம்பளப் பட்டியலைக் கொண்டு. ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் எழுதிய காலை அறிக்கையைக் கொண்டு. இன்று வந்தவர் யார், நோயுற்றவர் யார், இடம் மாறியவர் யார் என்று பெயரறியாத ஒரு குமாஸ்தா எழுதி வைத்த தாளே, எத்தனையோ குடும்பங்களுக்குக் கடைசிச் சாட்சியாய் நின்றது.

யான் தோட்டத்துக் கிராணி. செக்ரோல் எழுதுவது என் தொழில். நம் தோட்டங்களிலே விடியற்காலையில் பெயர் கூப்பிடும் ‘பெரட்டு’ என்பதும் பட்டாளத்துப் ‘பரேட்’ என்ற சொல்லின் திரிபே. ஆகையால் அக்காலை அறிக்கையைப் பற்றிப் படித்தபோது அது அயல்நாட்டுச் செய்தியாக எனக்குத் தோன்றவில்லை. 1942, 1943-ம் ஆண்டுகளில் மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட நம்மவரை நினைத்தேன். அப்பாதையில் மாண்ட நேச நாட்டுச் சிறைக் கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக நிற்கின்றன. கைதிகள் தம்முள் இறந்தாரின் கணக்கை எழுதி மறைத்து வைத்திருந்தனர். நம்மவரில் எத்தனை பேர் மாண்டனர் என்பதற்கு இன்றும் திட்டமான கணக்கில்லை. திருத்துவதற்குக்கூட ஒரு பதிவு வேண்டுமே!

திருத்திய பதிவும் காவலின்றி நிலையாது. 2023-ம் ஆண்டில் லூயிசியானா மாகாணத்து இராணுவத் தளமொன்றுக்கு ஹென்றி ஜான்சனின் பெயரைச் சூட்டினர். 2025-ம் ஆண்டில் அப்பெயரை எடுத்து, போல்க் என்ற பழைய பெயரையே மீண்டும் வைத்தனர். பெயர்ப்பலகையை எளிதில் மாற்றலாம். பெர்ஷிங்கின் செய்தியும் மெடல் ஆப் ஆனர் பதிவும் நிற்கின்றன.

தோழர்களே! உங்கள் வீட்டுப் பெட்டிகளில் பாட்டனாரின் பழைய சம்பளச் சீட்டு, கப்பல் சீட்டு, பிறப்புப் பத்திரம், தொழிற்சங்க ரசீது முதலியன இருக்கக் கூடும். அவற்றைச் செல்லுக்கு இரையாக்காதீர்கள். நகலெடுத்து இரண்டு இடத்தில் வையுங்கள். சயாமுக்குப் போனவரின் பெயர், ஊர், தோட்டம் ஆகியவற்றை அறிந்த முதியவர் எவரேனும் இருப்பின், இந்த வாரமே ஒரு நோட்டுப் புத்தகத்தோடு அவரிடம் சென்று கேட்டு, தேதியிட்டு எழுதுங்கள். திதிக்குச் செலவிடும் ஒரு நாளை இதற்குச் செலவிட்டால், நாளை மனுப் போடுகிறவன் வெறுங்கையோடு நிற்க மாட்டான்.