975,000ஐ 13ஆல் வகுத்தால்

எங்க ஹொஸ்டல் அறையில நாங்க நாலு பேர். ரெண்டு பேர் ஹட்டன் பக்கம், ரெண்டு பேர் நுவரெலியா. எல்லாரும் கலைப்பீடம். கணக்கை ஓ/எல்லோட கைவிட்டவங்க. போன மாசம் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தைப் படிக்கும்போதுதான் மறுபடி கணக்குப் போட்டோம்.

1964 ஒக்டோபர் 30. இலங்கையில் நாடற்றிருந்த இந்திய வம்சாவளியினர் சுமார் 975,000 பேர் என்று இரண்டு அரசுகளும் ஒத்துக்கொண்டன. 525,000 பேர் இந்தியாவுக்கு. 300,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை. மிச்சம் 150,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இந்த மூன்றையும் 75,000ஆல் வகுத்துப் பாருங்க. 7, 4, 2. கூட்டினா 13. எங்கேயும் மீதி இல்ல.

1974இல் சிறிமாவோவும் இந்திரா காந்தியும் அந்த 150,000ஐச் சரிபாதியாகப் பிரித்தார்கள். 7 எட்டாச்சு, 4 அஞ்சாச்சு. 5, 8, 13. இது பிபனாச்சி வரிசை! முன்னால இருக்கிற ரெண்டையும் கூட்டினா அடுத்த எண் வரும். அன்னாசிப் பழத்தின் கண்களை எண்ணினா, பெரும்பாலும் ஒரு பக்கமா 8 வரிசை, மறுபக்கமா 13. ஏதோ புதையல் கிடைச்ச மாதிரி ராத்திரி முழுக்கக் கத்திக்கொண்டிருந்தோம்.

காலையில்தான் உறைச்சது. அன்னாசி தானா வளர்ந்தது. இந்த எண் மேசையில் வைத்து உருட்டி எடுத்தது. 2, 3, 5, 13 என்ற சின்னப் பகா எண்களைப் பெருக்கியே 975,000ஐச் செய்துவிடலாம். அதனால்தான் பங்கு போட அவ்வளவு சுலபம். ஒரே ஒரு பிள்ளை கூடிவிட்டால் 975,001. 13ஆல் வகுத்தா மீதி 1. ஒப்பந்தம் அதற்கும் வழி வைத்திருந்தது: பிறக்கிற பிள்ளைகள் 'இயற்கைப் பெருக்கம்'. அவங்க அந்தத் தொகைக்குள் வரமாட்டாங்க.

ஆனா சனங்க கணக்குப்படி நடக்கல. இந்தியக் குடியுரிமை கேட்டு மனுப் போட்டவங்க 525,000ஐ எட்டவே இல்ல. கப்பல் 1984இல் நின்றது. நாடற்று மிஞ்சியவங்களுக்குக் குடியுரிமை கொடுக்க 2003 வரைக்கும் சட்டம் போட வேண்டியிருந்தது.

லீவுக்குப் போனப்ப எங்கள்ல ஒருத்தியோட அப்பாயிகிட்ட இதைச் சொன்னோம். அவங்க கொழுந்து எடுத்த காலத்துல ஒருநாள் வேலைக்கு ஒரு 'பேர்' விழும். கொழுந்து குறைஞ்சா அரைப் பேர்.

"மனுசன் பேரையே அரையா எழுதுனவங்க, எங்களப் பிரிக்க யோசிப்பாங்களா?" என்றார்.

"ஒங்க கூடப் பொறந்தவங்க எத்தன பேரு, அப்பாயி?"

"என்னோட சேத்து அஞ்சு. மூணு பேரு தலைமன்னாருல கப்பலேறி நீலகிரிக்குப் போயிட்டாங்க. நானும் தம்பியும் இங்க."

ஐந்தை ஏழுக்கு நாலு என்று பிரிக்க முடியாது. நாங்க நாலு பேரும் போட்டுப் பார்த்தோம்.