பிடித்தலும் விடுத்தலும்

தங்கவயலில் வளர்ந்த நாம் பிரேக்கின் அருமையை அறிவோம். மூவாயிரம் மீட்டருக்கும் மேல் ஆழ்ந்த சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் கூண்டேறி இறங்கிய நம் தந்தையர் உயிர், மேலிருந்த பிரேக்கை நம்பியே இருந்தது. 2001இல் சுரங்கங்கள் மூடப்பட்டன.

இன்று நம் இளைஞருள் சிலர் உதிரிகளைக் கூட்டித் தாமே பந்தயக் கார் கட்டி, பழைய காரொன்றின் ஏ.பி.எஸ். கருவியை அதில் பொருத்த விழைகின்றனர். விழைவு நன்றே. இறுகிய சக்கரம் சறுக்கும்; திருப்பினாலும் வண்டி திரும்பாது. 1978இல் பாஷ் நிறுவனம் மெர்சிடிஸ் காருக்கு அளித்த இக்கருவி, நொடிக்குப் பலமுறை பிடித்தும் விடுத்தும் சக்கரத்தை உருள வைக்கும். ஆயின் அது தான் பிறந்த வண்டியின் எடைக்கும் சக்கர அளவுக்கும் கணித்து அமைக்கப்பட்டது. இலேசான வண்டியில் அக்கணக்குத் தவறக்கூடும்.

ஆதலின் வல்லுநர் துணையுடன், ஆளற்ற திடலில் முதலில் சோதித்தல் வேண்டும். கூண்டையும் கயிற்றையும் நாள்தோறும் சோதித்தே ஆட்களை இறக்கிய ஊர் நம்முடையது. அவ்வழக்கம் சுரங்கத்தோடு மூடப்பட வேண்டியதன்று.