மற்றத் திறப்பு யாரிட்ட?

திருநெல்வேலி, கொக்குவில் பக்கம் அறை தேடுற கம்பஸ் பிள்ளையள் கேட்கிற கேள்விகள் தெரிஞ்சதுதான். மாதம் எவ்வளவு, அட்வான்ஸ் எத்தனை மாதம், சமைக்க விடுவினமோ, எத்தனை மணிக்கு கேற் பூட்டுவினம். "இந்தக் கதவுக்கு எத்தனை திறப்பு, மற்றது யாரிட்ட?" எண்டு ஒருத்தரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

என்ர அறைக்கு இரண்டு திறப்பு. ஒண்டு என்னிட்ட, மற்றது வீட்டுக்கார அன்ரியிட்ட. லெக்சர் முடிஞ்சு வந்தால் கொடியில் கிடந்த உடுப்பு மடிச்சுக் கட்டிலில் இருக்கும். யன்னல் சாத்தியிருக்கும். "மழை வரப் பாத்தது பிள்ளை, அதான் வந்தனான்" என்பா. அன்பில்லை எண்டு சொல்லேலாது. ஒருநாள் ஃபான் திருத்த எண்டு அவவின்ர தம்பியாரும் வந்து போயிருந்தார். மேசையில் இருந்த என்ர கொப்பி இடம் மாறிக் கிடந்தது. அண்டிரவு நித்திரை வரேல்ல.

உள்ளே இருக்கேக்க பயமில்லை, திறாங்கு போடலாம். வெளியில் போகேக்கதான் பிரச்சினை. "வேற ஆமைப்பூட்டு வாங்கிப் போடு" எண்டாள் சிநேகிதி. போடலாம். ஆனால் கொண்டியில் அடிச்ச ஸ்குறூ ஆணி நாலும் வெளியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிக்குது. எவ்வளவு விலைப் பூட்டுப் போட்டாலும் ஒரு ஸ்குறூட்றைவர் காணும். பூட்டினபிறகு ஆணித்தலையை மூடுற மாதிரிக் கொண்டியும் இருக்கு. இல்லாட்டி கதவை ஊடுருவிப் போற போல்ட் போட்டு, நட்டை உள்பக்கம் இறுக்கவேணும். எதைச் செய்தாலும் அன்ரியின்ர கதவில் துளை போடவேணும். அவவைக் கேட்காமல் செய்யேலாது.

சட்டமும் பார்த்தன். தண்டனைச் சட்டக்கோவையின் 427ஆம் பிரிவு அத்துமீறலைப் பற்றிச் சொல்லும்போது, சொத்து யாருக்குச் சொந்தம் என்று கேட்பதில்லை. யாருடைய இருப்பில் இருக்கிறது என்றே கேட்கிறது. வாசிக்கச் சந்தோஷம். ஆனால் குற்றம் செய்யவோ, பயமுறுத்தவோ, அவமதிக்கவோ, தொல்லை கொடுக்கவோ எண்ணம் இருக்கவேண்டுமாம். உடுப்பு மடிக்க வாற அன்ரியிட்ட என்ன எண்ணத்தைக் கண்டுபிடிக்கிறது?

கடைசியில் நேரிலேயே கேட்டன். "அன்ரி, திறப்பு உங்களிட்டயே இருக்கட்டும். நெருப்பு, கரண்ட் எண்டு ஏதும் நடந்தால் தேவைதானே. ஆனா ஒரு கவருக்குள்ள போட்டு ஒட்டி வைப்பம். ஒட்டின இடத்தில நான் கையெழுத்து வைக்கிறன்."

அவவின்ர முகம் கறுத்துப் போச்சு. "என்னில நம்பிக்கையில்லையோ பிள்ளை?"

"உங்களில இருக்கு அன்ரி. தம்பியாரை எனக்குத் தெரியாதெல்லோ."

கொஞ்ச நேரம் ஒண்டும் கதைக்கேல்ல. பிறகு உள்ளே போய் அவவே ஒரு கவர் எடுத்துக்கொண்டு வந்தா. இப்ப அது சாமிப்படத்துக்குப் பின்னால இருக்கு.

போன கிழமை நான் லைப்ரரியில் இருக்கேக்க கோல் எடுத்தா. "பிள்ளை, மழை இருட்டுது, உம்மட யன்னல் திறந்து கிடக்கு. கவரைக் கிழிக்கட்டோ?"

மேசையில் ரியூட் எல்லாம் கிடந்தது. ஒரு நிமிசம் யோசிச்சன்.

"விடுங்கோ அன்ரி, நான் வாறன்."

சைக்கிளில் போய்ச் சேர முதலே மழை பிடிச்சிட்டுது. பாதி ரியூட் ஈரம். கவர் ஒட்டினபடியே இருந்தது.