கோர்வைக்கு ரெண்டு கை போதாது

பட்டுச்சேலையைப் படமெடுக்க வருகிறவர்கள் முந்தியை விரித்துப்போட்டு, ஜரிகை மின்னும் பக்கத்தை எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் நான் சந்தித்த நெசவுக்காரப் பெரியவர், விரித்த சேலையை அப்படியே புரட்டிப் போட்டார். "எடுக்கிறதுன்னா இதை எடும்மா. அந்தப் பக்கத்தைக் கடைக்காரன் எடுத்துப்பான்" என்றார், கேமராவோடு நின்ற பெண்ணிடம்.

ஆடை வடிவமைப்பு படித்த பெண் அவள். பழைய கைத்தறிச் சேலைகளைப் படமெடுத்து, விவரம் சேர்த்து, இணைய நூலகமாக்கும் சின்னக் குழு ஒன்றில் இருக்கிறாள். நான் கூட ஒட்டிக்கொண்டு போனவன். இப்போது இப்படிப் பல முயற்சிகள் நடக்கின்றன. மத்திய அரசே 2023 ஆகஸ்ட் 7, தேசியக் கைத்தறி நாளன்று, நிஃப்ட் என்னும் ஆடை வடிவமைப்புக் கல்வி நிறுவனம் உருவாக்கிய ஜவுளி, கைவினைக் களஞ்சியம் ஒன்றை இணையத்தில் திறந்தது. நல்ல காரியம்தான். ஆனால் எதைச் சேர்த்துவைக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சந்தேகம் இருந்தது. பெரியவர் அதைப் பெரிதாக்கிவிட்டார்.

புரட்டிய சேலையில் உடம்பும் கரையும் சேரும் இடத்தை விரல் நகத்தால் தடவிக் காட்டினார். மெல்லிய வரப்புபோல் ஒரு தடிப்பு. அதுதான் கோர்வை. உடம்பு பச்சை, கரை அரக்கு என்றால் இரண்டுக்கும் ஊடை, அதாவது குறுக்கு நூல், ஒன்றாக இருக்க முடியாது. இருந்தால் கரையின் நிறம் கலங்கிப்போகும். அதனால் ஊடையைக் கொண்டுபோகும் நாடாக்கள் மூன்று: இடக்கரைக்கு ஒரு நாடா, உடம்புக்கு ஒரு நாடா, வலக்கரைக்கு ஒரு நாடா. கரை ஊடையும் உடம்பு ஊடையும் ஒவ்வொரு வரியிலும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு திரும்ப வேண்டும். ரம்பப்பல் போன்ற தாழம்பூ ரேக்கு என்ற கரை வடிவம் இந்தச் சேர்க்கையில்தான் பிறக்கிறது.

குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தவர், "சும்மா கோர்வை கோர்வைங்கிறாங்க. இதுக்கு ரெண்டு கை போதாது சார், நாலு கை வேணும்" என்றார். அடுத்த இரண்டு கைகள் அவர் மனைவியுடையவை. தறியின் ஓரத்தில் உட்கார்ந்து கரை நாடாவை வாங்கி வாங்கித் திருப்பி விடுகிறார். ஒரு காலத்தில் இந்த இடத்தில் சிறுவர்கள் உட்கார்ந்தார்கள். அவர்கள் பள்ளிக்கூடம் போனது நல்லது, அதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை. ஆனால் அந்த இடத்துக்கு வந்த பெரிய ஆளுக்குத் தனிக் கூலி பெரும்பாலும் வரவில்லை; வீட்டுப் பெண்களின் உழைப்பு அதில் கரைந்துபோனது. குழுவின் படிவத்தில் ‘நெய்தவர்’ என்ற கட்டத்தில் அந்தப் பெண் பெரியவரின் பெயரை மட்டும்தான் எழுதியிருந்தாள். பிறகு அடித்துவிட்டு இரண்டு பெயராக எழுதினாள்.

முந்தியின் நிறம் வேறாக இருந்தால் பேட்னி போட வேண்டும். உடம்புப் பாவு, அதாவது நெடுக்கு நூல், முடியும் இடத்தில், முந்திக்கான பாவின் ஆயிரக்கணக்கான இழைகளைக் கையாலேயே கோத்து மாட்டும் வேலை. சேர்ந்த இடத்தில் துணி லேசாகச் சுருங்கியிருக்கும். படத்தில் பார்த்தால் குறை மாதிரி தெரியும். தெரிந்தவருக்கு அதுதான் அடையாளம். நல்லவேளை, இதை அந்தப் பெண் காணொளியாக எடுத்துக்கொண்டாள், பேச்சோடு சேர்த்து.

பிறகு பரண். ஏணி போட்டு இறக்கியவை ஜக்கார்டு அட்டைக் கட்டுகள். தலைக்கு மேலிருக்கும் பெட்டியில் ஓடும் துளை அட்டைகள். எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்பவை. மயில்கண், ருத்ராட்சம், இருதலைப்பட்சி, வங்கி என்று கட்டுக்குக் கட்டு பென்சிலில் எழுதியிருந்தது. சிலவற்றைப் பூச்சி அரித்திருந்தது. பல வீடுகளில் இவை எடைக்குப் போய்விட்டன என்றார். ஜக்கார்டு வருவதற்கு முன்னால் அடை: நூலிலேயே கட்டிவைத்த வரிசை. அதை ஆள் தூக்கித் தூக்கிக் கொடுக்க வேண்டும். அடை கட்டத் தெரிந்தவர்கள் இன்று ஊரில் விரல்விட்டு எண்ணும் அளவுதான்.

இந்த அட்டைகளை ஸ்கேன் செய்தால் போதுமே என்றேன். சிரித்தார். "அட்டை மட்டும் இருந்தா ஆச்சா சார்? அச்சு எத்தினி, ஒரு கொக்கியில எத்தினி இழை, பட்டு எத்தினி முறுக்கு, இதெல்லாம் யார் சொல்லுவா? அது இல்லாம நெய்ஞ்சா அன்னம் வாத்தாயிடும்."

இதைக் கேட்டபோது கொடாலி கருப்பூர் நினைவுக்கு வந்தது. கும்பகோணத்துக்குப் பக்கத்து ஊர். தஞ்சை மராத்திய அரசவைக்கு ஜரிகை நெய்து, மெழுகு தடவிச் சாயமேற்றிச் சேலை செய்தது. 1855இல் அரச வம்சம் முடிந்தபின் ஆதரவின்றி அந்தத் தொழிலும் நின்றது. துணி அருங்காட்சியகங்களில் பத்திரமாக இருக்கிறது. மீட்டெடுக்க வந்தவர்கள் துணியைப் பார்த்தே செய்முறையை ஊகிக்க வேண்டியிருந்தது.

ஆவணப்படுத்துவதில் இன்னொரு பழைய கதையும் உண்டு. 1866இல் ஃபோர்ப்ஸ் வாட்சன் என்ற பிரிட்டிஷ் அதிகாரி இந்தியத் துணிகளை வெட்டி, 700 மாதிரிகளை 18 தொகுதிகளில் ஒட்டினார். மொத்தம் 20 பிரதிகள்; 13 பிரிட்டனுக்கு, 7 இந்தியாவுக்கு. அளவு, உடுத்தும் விதம் என்று விவரமெல்லாம் கச்சிதம். நோக்கம், அங்குள்ள ஆலைகள் இந்தியர் விரும்புவதைப் பார்த்து நெய்து இங்கேயே விற்பது. இன்று அந்தத் தொகுதிகள் கணினித் திரையிலும் கிடைக்கின்றன. ஆய்வாளருக்குப் பொக்கிஷம், நானும் ரசித்துப் பார்த்திருக்கிறேன். நெய்தவர் பெயர்தான் கண்ணில் படவில்லை.

பெரியவருக்கு வாட்சனைத் தெரியாது, விசைத்தறியைத் தெரியும். கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம் 1985இலேயே வந்துவிட்டது. இன்று அதில் கைத்தறிக்கு மட்டும் ஒதுக்கியுள்ள 11 வகைகளில் சேலையும் ஒன்று. காஞ்சிப் பட்டுக்குப் புவிசார் குறியீடும் இருக்கிறது. இருந்தும் புதுக்கரை ஒன்று கடைக்கு வந்தால் கொஞ்ச நாளில் அதன் விசைத்தறி நகல் பாதி விலைக்குத் தொங்குகிறது. குறியீடு ஊரின் பெயரைக் காக்கும், ஒரு வீட்டின் கரையைக் காக்காது. ஆகவே சேலையையும் பேட்னியையும் தாராளமாக எடுக்கச் சொன்னவர், அட்டைக் கட்டின்மேல் கையை வைத்துக்கொண்டார்.

அவர் பக்கம்தான் நியாயம் என்று எனக்குப் பட்டது. எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவைப்பது ஒன்றே வழியில்லை. துணியின் இரு பக்கமும் பொதுவில் இருக்கலாம். அட்டையின் நகலை நெசவாளரோ சங்கமோ கேட்டால் மட்டும் திறக்கும்படி வைக்கலாம். கணினியில் இது பெரிய வேலையே அல்ல, செய்ய மனம்தான் வேண்டும். அந்தப் பெண் வாதாடவில்லை. கட்டுகளைத் தூசி தட்டி, எண் போட்டு, பெயரை மட்டும் குறித்துக்கொண்டாள்.

"சொசைட்டி கூட்டத்துல பேசிட்டுக் கூப்பிடறேன்மா" என்றார் பெரியவர். "அதுவரைக்கும் வேற வீட்டுல யாராவது அட்டை கொடுத்தா, அது அவங்களோடதுதானான்னு கேட்டுட்டு வாங்கு."